குழந்தை அழைக்கும்போது நிறுத்த முடிகிறதா?

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தாயோ தந்தையோ வீடியோ கேம் விளையாடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் உடனே மணிக்கணக்கைத்தான் எடுக்கிறோம். நாளுக்கு எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணுகிறோம். ஓர் எல்லைக்குள் இருந்தால் பொழுதுபோக்கு, தாண்டினால் பொறுப்பின்மை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டும் ஆய்வேட்டை எழுதிக்கொண்டும் கடந்த ஓராண்டாகத் தொடர்ந்து விளையாடி வருபவள் என்ற முறையில், இந்த அளவுகோல் பெரிதும் பயனற்றது என்று கருதுகிறேன். குழந்தை அழைத்த கணத்தில் ஆட்டத்தை நிறுத்த முடிகிறதா? குழந்தை அந்த ஆட்டத்தைப் பற்றி நம்மோடு பேச முடிகிறதா? இவ்விரு கேள்விகளும் கடிகாரத்தைவிட முக்கியமானவை. மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அது விளையாட்டைவிட வீட்டைப் பற்றியது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஹைதராபாத்தில் வசிக்கிறோம். ஓராண்டுக்கு முன் மகளுக்கு மூன்று வயது, மகனுக்கு ஆறு மாதம். வீட்டில் தமிழ், குழந்தைகள் காப்பகத்தில் தெலுங்கு, குடியிருப்பின் விளையாட்டுத் திடலில் இந்தி. என் ஆய்வு மொழியியலில். அதில் நான்காம் ஆண்டு. உறவினர் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஸ்விட்ச் கருவி ஒன்று இருக்கிறது. கையில் வைத்தும் ஆடலாம், தொலைக்காட்சியில் இணைத்தும் ஆடலாம். இந்த இரண்டு வசதிகளுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இந்த ஓராண்டில்தான் உணர்ந்தேன்.

முதலில் நிறுத்துவதைப் பற்றி. ஸ்டார்டியூ வேலி 2016இல் வெளிவந்த ஆட்டம். எரிக் பரோன் என்பவர் தனியொருவராக உருவாக்கியது. தாத்தா விட்டுச்சென்ற நிலத்தில் பயிரிட்டு, ஊராரோடு பழகி வாழ்வதுதான் கதை. அதில் ஒரு நாள் என்பது காலை ஆறு மணியிலிருந்து பின்னிரவு இரண்டு மணி வரை. நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். பட்டியல் திரையைத் திறந்தால் அங்கே காலம் நின்றுவிடும். கருவியை உறங்கவைத்துவிட்டு எழுந்துபோனால், திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே நிற்கலாம். ஆறு மாதக் குழந்தையின் பகல் தூக்கம் எப்போது கலையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையோடு ஒத்துவாழக்கூடிய ஆட்டம் இது.

இதற்கு நேர்மாறானது எல்டன் ரிங். 2022இல் வெளிவந்து உலகெங்கும் கொண்டாடப்பட்டது. அதில் வழக்கமான இடைநிறுத்தப் பொத்தான் கிடையாது. நீங்கள் எழுந்து போய்ப் பால் காய்ச்சி வந்தாலும் எதிரி காத்திருக்க மாட்டான். பிஜிஎம்ஐ போன்ற கைப்பேசி ஆட்டங்களில் இது இன்னும் கடினம். நூறு பேர் சேர்ந்து இறங்கும் ஒரு சுற்று அரைமணி நேரம் வரை போகும். ஒருவருக்காக மற்றவர்கள் நிறுத்த வழியில்லை. உங்கள் குழுவின் மூவர் நடுவழியில் தவித்து நிற்பர். கென்ஷின் இம்பாக்ட் போன்றவற்றில் நிறுத்தம் உண்டு. ஆனால் நாள்தோறும் செய்துமுடிக்க நான்கு பணிகள் காத்திருக்கும். தவறவிட்டால் அன்றைய பரிசு போயிற்று. கையிலிருந்து கருவியை வைத்த பிறகும் மனத்திலிருந்து அது இறங்காது.

இவற்றை நான் நல்லவை, தீயவை என்று பிரிக்கவில்லை. எல்டன் ரிங் ஒரு பெரிய கலைப்படைப்பு. ஆனால் ஒவ்வோர் ஆட்டமும் தன்னை ஆடுபவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு கற்பனை வைத்திருக்கிறது. சிலவற்றின் கற்பனையில் அவர் யாராலும் அழைக்கப்படாதவர். அனிமல் கிராசிங் ஆட்டத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கொரு வேடிக்கையான சான்று உண்டு. அங்கே காலம் நம் கடிகாரத்தோடு சேர்ந்தே நகர்கிறது. தீவிலுள்ள கடை காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடிவிடும். இரண்டு குழந்தைகளையும் தூங்கவைத்துவிட்டு, பாத்திரங்களைக் கழுவிவிட்டு உட்காரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும்; கடை பூட்டியிருக்கும். வெளியே இருக்கும் பெட்டியில் பொருள்களைப் போட்டுவைக்கலாம், ஆனால் குறைந்த விலைதான் கிடைக்கும். நேரம் கழித்து வருபவர்க்கு விலை குறைவு என்ற பாடம் பெற்றோராகிவிட்ட ஆய்வாளர்களுக்குப் புதிதன்று.

வியப்பு என்னவென்றால், இந்த ஆட்டத்தொடரின் தொடக்கமே ஒரு தந்தையின் நேரமின்மைதான். அதை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான கட்சுயா எகுச்சி, சிபாவிலிருந்து கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தபோது உணர்ந்த தனிமையே அதற்கு வித்து என்று கூறியிருக்கிறார். வேலை முடிந்து நேரங்கழித்து வீடு திரும்பும் தந்தை, பிள்ளைகள் பகலில் ஆடிய அதே ஊருக்குள் இரவில் நுழைந்து, அவர்கள் விட்டுச்சென்ற தடங்களைக் காணவேண்டும். ஒரே நேரத்தில் உட்கார முடியாத குடும்பம் ஒரே இடத்தில் வாழவேண்டும். 2001இல் ஜப்பானில் வந்த முதல் பதிப்பு இந்த எண்ணத்தில் உருவானது. பெற்றோரின் வாழ்க்கையை மனத்தில் வைத்தும் ஓர் ஆட்டத்தை அமைக்க முடியும் என்பதற்கு இது போதும்.

மணிக்கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது. அதே நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதும் இடம்பெற்றிருக்கிறது. அதன் வரையறையில் மணிக்கணக்கு ஏதும் இல்லை. ஆட்டத்தின் மீது கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளையும் விருப்பங்களையும்விட அதை முன்னே வைத்தல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகியவையே அளவைகள். அவை பொதுவாக ஓராண்டுக் காலமேனும் காணப்பட வேண்டும். குழந்தைக்கு நிமிடத்தை எண்ணும் நிறுவனம் வளர்ந்தவருக்கு நிறுத்தும் ஆற்றலைத்தான் பார்க்கிறது. நாம் குழந்தைக்குரிய அளவுகோலைத் தாய் மீது வைக்கிறோம். தாய்க்குரிய அளவுகோலை யார் மீதும் வைப்பதில்லை.

குழந்தைக்குரிய அளவை நான் மதிக்கிறேன். மகன் விழித்திருக்கும்போது தொலைக்காட்சியில் ஆடுவதில்லை. மகளோடு சேர்ந்து ஆடுவது வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொன்றும் ஆட்டக் கணக்கில் இரண்டு நாள்கள், அதாவது அரைமணிக்கும் குறைவு. அந்த அரைமணியில் நடப்பதைத்தான் மொழியியல் மாணவி என்ற முறையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தை மொழி கற்பதில் விளையாட்டின் இடத்தை ஜெரோம் புரூனர் நெடுங்காலம் ஆராய்ந்தார். முகத்தை மூடித் திறக்கும் எளிய விளையாட்டில்கூட முறைமாற்றம், எதிர்பார்ப்பு, விதி எல்லாம் இருக்கின்றன என்றும், திரும்பத்திரும்ப நிகழும் இத்தகைய சட்டகங்களுக்குள்தான் சொல் வந்து அமர்கிறது என்றும் அவர் காட்டினார். மைக்கேல் டொமசெல்லோவும் ஃபரரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றித் தாய் பேசினால் சொல்வளம் கூடுகிறது. குழந்தையின் கவனத்தைப் பறித்து வேறொன்றின்மேல் திருப்பிப் பேசினால் அந்தப் பயன் இல்லை. மொழியியலில் இதைக் கூட்டுக் கவனம் என்கிறோம். இந்தக் கண்கொண்டு பார்த்தால் கையடக்கத் திரையும் சுவரிலுள்ள திரையும் ஒன்றல்ல. என் கையிலிருக்கும் திரை மகளுக்கு என் முகத்தை மறைக்கும் ஒரு பலகை. சுவரிலிருக்கும் திரையோ நாங்கள் இருவரும் பார்த்துப் பேசும் ஒரு பொருள்.

எங்கள் ஏற்பாடு எளியது. பொத்தான்கள் என்னிடம், கட்டளை அவளிடம். எங்கே போவது, எதை நடுவது, யாருக்கு என்ன பரிசளிப்பது எல்லாம் அவள் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவள் பேச்சு முழுவதும் முன்னிலை ஏவல். "நீ தண்ணி ஊத்து." "நீ அங்க போ." இலையுதிர் காலம் வந்ததும் பூசணி நட்டோம். அந்த ஆட்டத்தில் பூசணி விளைய 13 நாள் ஆகும். வாரத்துக்கு நான்கு நாள் என்ற எங்கள் கணக்கில் மூன்று வாரத்துக்கு மேல். இந்தக் காத்திருப்பின் நடுவில் அவள் பேச்சு மாறியது. "நாம எப்ப பூசணி பறிக்கலாம்?" என்று கேட்கத் தொடங்கினாள். அன்றிரவு தந்தையிடம் போய், "அப்பா, நாங்க பூசணி நட்டிருக்கோம், உனக்குத் தெரியாது" என்றாள்.

தமிழில் 'நாம்' கேட்பவரையும் உளப்படுத்தும், 'நாங்கள்' உளப்படுத்தாது. தெலுங்கிலும் மனம், மேமு என்று இந்த வேறுபாடு உண்டு, இந்தியில் இல்லை. மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் குழந்தை, ஒரே நாளில் தாயிடம் 'நாம' என்றும் தந்தையிடம் 'நாங்க' என்றும் பிழையின்றிச் சொல்கிறாள். ஒரு குழந்தையின் பேச்சிலிருந்து கோட்பாடு எதையும் கட்ட முடியாது. வேறெந்தக் கூட்டுச் செயலும் இதே விளைவைத் தந்திருக்கலாம். எனினும் நிமிடக் கணக்கால் காணமுடியாத ஒன்றை அந்தப் பெயர்ச்சொல் காட்டுகிறது. அந்த அரைமணியில் யார் யாரோடு இருந்தார்கள் என்பதை அது சொல்லிவிடுகிறது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மரியோ ஆட்டத்தில் பள்ளத்தில் விழும்போதெல்லாம் "நாம செத்துட்டோம்" என்று அவள் சிரிப்பாள். 'சாதல்' என்னும் வினையைத் தன்மை இடத்தில் இறந்தகாலத்தில் உண்மையாகச் சொல்லக்கூடிய ஒரே இடம் இந்த ஆட்டங்கள்தாம் என்று நான் இலக்கண வேடிக்கையாக எண்ணியிருந்தேன். சில வாரங்களுக்குப் பிறகு எங்கள் பால்கனியில் ஒரு புறா இறந்துகிடந்தது. "மறுபடி எப்ப எழுந்திரிக்கும்?" என்று கேட்டாள். எழாது என்பதை அன்று மாலை முழுவதும் விளக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போயிருந்தால் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. குழந்தையைத் திரையிடம் ஒப்படைப்பதும் குழந்தையோடு திரை முன் அமர்வதும் வேறு வேறு செயல்கள். முதலாவதைப் பற்றி எழுதப்படும் எச்சரிக்கைகள் எல்லாம் சரியே.

"இதே அரைமணியில் கதைப்புத்தகம் படிக்கலாமே, பல்லாங்குழி ஆடலாமே" என்று கேட்கலாம். படிக்கிறோம், ஆடுகிறோம். ஆனால் இந்தக் கேள்வி, தாயின் விளையாட்டு குழந்தைக்குப் பயன்பட்டால்தான் நியாயமாகும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஓராண்டில் நான் ஆடிய நேரத்தின் பெரும்பகுதி மகளோடு கழிந்ததன்று. இரவில், தனியாக, யாருக்கும் எந்தப் பயனுமின்றி, எனக்காக ஆடியது. அதற்கும் நியாயம் உண்டு என்றே வாதிடுகிறேன்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் களங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கைச் சொல்கிறது. அங்கே விளையாட்டுக்கு வயது வரம்பு கூறப்படவில்லை. உரியியல் 'கெடவரல்', 'பண்ணை' என்ற இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் தருகிறது. இன்று பண்ணை என்றால் நிலமும் கால்நடையும் கொண்ட இடம் என்றே நமக்குத் தோன்றும். ஒரு பண்ணை ஆட்டத்தை ஆடும் மொழியியல் மாணவிக்கு இந்தத் தற்செயல் சிறு மகிழ்ச்சியைத் தருகிறது. பின்னாளில் எழுந்த பிள்ளைத்தமிழோ சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், அம்மானை, ஊசல் என்றும் விளையாட்டைக் குழந்தைப் பருவத்துக்கு அழகாகப் பகுத்துக் கொடுத்தது. அந்த இலக்கியத்தில் தாய் தாலாட்டுகிறாள், அழைக்கிறாள், பார்த்து மகிழ்கிறாள், அவள் ஆடுவதில்லை. நம் மனத்தில் இன்றுவரை உறுதியாக இருப்பது இரண்டாவது படிமம்தான்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது: வீட்டில் யாருக்கு விளையாட அனுமதி இருக்கிறது? 2024ஆம் ஆண்டுக்கான இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். 15 முதல் 59 வயது வரையிலானோரில், குடும்பத்தினரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுகின்றனர். இவை அந்தந்த வேலையைச் செய்வோரின் சராசரிகள். அவ்வேலைகளைச் செய்யும் ஆண்களே பெண்களைவிட மிகக் குறைவு என்பதையும் சேர்த்துப் படித்தால் இடைவெளி இன்னும் விரியும். ஒரு வீட்டின் ஓய்வு யாருடைய கையில் சேர்கிறது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

என் கணவரும் விளையாடுவார். அவர் இரவு ஒரு மணி நேரம் ஆடினால், பாவம், வேலைக் களைப்பு என்பார்கள். நான் ஆடுவதாகச் சொன்னால் அடுத்த கேள்வி, "குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஆய்வேடு எழுதவே நேரமில்லை என்கிறீர்கள், இதற்கு மட்டும் நேரம் எங்கேயம்மா கிடைக்கிறது?" விடை எளியது. ஆய்வேட்டின் ஓர் இயலை எழுத எனக்குத் தொடர்ச்சியான மூன்று மணி நேரம் வேண்டும். அது கிடைப்பதில்லை. கிடைப்பவை பதினான்கு நிமிடத் துண்டுகள். அத்துண்டுகளில் தரவுகளை வகைப்படுத்தலாம், மின்னஞ்சலுக்கு விடை எழுதலாம், துணி மடிக்கலாம். இவை எல்லாவற்றையும் செய்கிறேன். நாளின் கடைசித் துண்டில் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்தத் துண்டையும் ஆய்வுக்கே கொடுத்தால் ஆய்வேடு முன்னதாக முடியும் என்று எண்ணுபவர்கள், துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் மூன்று மணி நேரம் ஆகிவிடும் என்று நம்புகிறார்கள்.

நம் பல்கலைக்கழக விதிகளும் அதே நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பெண் ஆய்வாளர்களுக்கு முனைவர்ப் பட்டக் காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அளிக்கிறது. ஆய்வை முடிப்பதற்கான கால வரம்பிலும் பெண்களுக்குக் கூடுதல் தளர்வு உண்டு. இவை போராடிப் பெற்ற நல்ல ஏற்பாடுகள், நானும் பயன்படுத்திக்கொண்டவள். ஆயினும் இரண்டு குறைகள் கண்ணில் படுகின்றன. குழந்தைப் பராமரிப்பைப் பெண்ணின் பெயரில் மட்டும் எழுதியிருப்பதால், தந்தையாகிய ஆண் ஆய்வாளர் அவ்விதியின் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. மேலும், ஆய்வாளர் முழுமையாக இருக்கிறார் அல்லது முழுமையாக இல்லை என்ற இரண்டு நிலைகளையே விதி அறிந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கப்பட்டு, எழுந்துபோய்த் திரும்பி வருபவரை அது அறியாது. நிறுத்தப் பொத்தான் இல்லாத ஆட்டம் அது.

பெற்றோராக இருக்கும் ஆய்வாளர்களுக்குச் செய்யக்கூடியவை பெரிய செலவுகள் அல்ல. மாலை ஐந்து மணிக்குமேல் துறைக் கூட்டங்களை வைக்காதிருக்கலாம். ஆய்வரங்க உரைகளைப் பதிவுசெய்து வைக்கலாம். இடைக்கால அறிக்கைகளுக்கு ஒரு வாரச் சலுகையைக் கெஞ்சிக் கேட்காமலே பெற வழிசெய்யலாம். 50 ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம். வளாகத்தில் அப்படியொரு காப்பகம் இருந்தால் அதன் கதவை ஆய்வாளர்களின் குழந்தைகளுக்கும் திறக்கலாம்.

சக ஆய்வாளர்களுக்கும், விரைவில் பெற்றோராகப் போகும் நண்பர்களுக்கும் ஒரு சொல். விளையாடும் தாயையோ தந்தையையோ கண்டால் எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். குழந்தை கூப்பிட்டால் நிறுத்த முடிகிறதா, குழந்தையோடு அதைப் பற்றிப் பேச முடிகிறதா, வீட்டிலுள்ள மற்றவருக்கும் அதே அளவு ஓய்வு கிடைக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், அந்தக் கடைசிப் பதினான்கு நிமிடத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். இல்லை என்று வந்தால், ஆட்டத்தைக் குறைகூறும் முன் அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்றும் விசாரியுங்கள்.

உங்கள் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். குறிப்பாகத் தந்தையர் எழுதினால் மகிழ்வேன்.